ஆட்டுக்கு ஊசி தந்த லூயி பாஸ்டர்

குழுக்கடன்ல ஆடு வாங்கி வளர்க்கிற நாம எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய பெரியவர் லூயி பாஸ்டர்.

1822-ல் பிரான்ஸ் நாட்டில் தோல் பதனிடுகிறவர் வீட்டில் பிறந்தார். இரண்டு மகள்களை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோச்சு. அப்பவும் கிருமி ஆராய்ச்சியை விடவில்லை.

அந்தக் காலத்துல அங்கே அடைப்பான் நோயால் ஆடு மாடுகள் திடீர் திடீர்னு செத்தன. 1881 மே மாதம் ஊரறிய ஒரு சோதனை வைத்தார். 24 செம்மறிக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் தடுப்பூசி போட்டார். அதே அளவு ஆடுகளுக்குப் போடவில்லை. பிறகு எல்லாத்துக்கும் நோய்க்கிருமியைச் செலுத்தினார். ஊசி போடாத 25 ஆடும் செத்தது. போட்டதில் ஒன்று தவிர எல்லாம் பிழைத்தது. 1885-ல் வெறிநாய்க்கடிக்கும் ஊசி கண்டுபிடித்தார். 1895-ல் காலமானார்.

நம்ம ராஜபாளையம் பக்கம் மழை பெய்து இளம்புல் முளைச்சதும் பயப்படுறோமே துள்ளுமாரி, அதுவும் குடலில் கிருமி விஷம் கக்குறதால வர்றதுதான். காலையில மேய்ந்த ஆடு சாயங்காலம் இருக்காது. வைத்தியம் பார்க்க நேரமே கிடைக்காது. அதுக்கான தடுப்பூசி நம்ம ராணிப்பேட்டையிலேயே தயாராகுது. மழைக்கு முன்னாடியே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுடுங்க. ஆடு போனாலும் தவணை நிற்காது.