கோ. நடேசய்யர் சட்டசபை நாடிய காரணம்

கடல் கடந்து தொண்டாற்றிய ஒருவரின் வரலாற்றை இத்திங்களில் நம் சங்கத்து அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் தலைவராய் விளங்கிய கோ. நடேசய்யர். தஞ்சையாராகிய அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பென வினவுவார் உளராயின், விடை எளிது. திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக்களினின்று மட்டுமன்றி, செங்கம் அடங்கிய அக்காலத்து வடஆர்க்காடு ஜில்லாவினின்றும் ஏழைக் குடும்பங்கள் கங்காணியின் சொல்லை நம்பிக் கண்டிச் சீமைக்குச் சென்றன. நம் செங்கண்மாத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தியது மலைபடுகடாம். அம்மலைவழிச் சென்றோர் பரிசில் பெற்றனர். கங்காணியின் பின் சென்றோர்க்கோ கடனே பரிசிலாயிற்று.

தஞ்சையில் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையை நடத்திய நடேசய்யர், வணிகர் தொடர்பாகவே முதலிற் கொழும்பு சென்றார். மலைநாட்டில் அவர் கண்ட காட்சி அவரை வேறு வழியிற் செலுத்திற்று. தோட்டமென்பது துரைக்குரிய தனிநிலம். அயலார் இசைவின்றிப் புகின் அத்துமீறற் குற்றம். ஆகவே அவர் புடைவை வியாபாரி போல உட்புகுந்து, தொழிலாளர் அடைபட்டிருந்த லயங்களைக் கண்டார் என்பர். கண்டவற்றைத் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்னும் ஏடுகளில் எழுதினார். எழுதி என்ன பயன்? ஏடு படிப்போர் பட்டணத்தில் இருந்தனர். துன்புறுவோர் எழுத்தறியாது மலையில் இருந்தனர். கூட்டம் கூட்டுதற்கோ நிலமே இல்லை.

இங்கேதான் அவர் சட்டசபை நாடிய காரணம் விளங்குகின்றது. பத்திரிகையின் குற்றச்சாட்டைத் துரைமார் பொருட்படுத்தாது விடலாம். சபையில் ஓர் அங்கத்தினர் எழுப்பும் வினாவிற்கு அரசாங்கம் விடை கூறியே தீரவேண்டும். தோட்டத்துள் நுழைய இயலாதவர், தோட்டத்தின் நிலைமையைச் சபைக்குக் கொணர்ந்தார் என்பது நம் கருத்து. அக்காலத்துச் சட்ட நிரூபண சபையில் இந்தியர்க்கென இரண்டு ஸ்தானங்களே இருந்தன. பொருளும் கல்வியும் உடையார்க்கே வாக்குரிமை. ஆறேழு இலட்சமாய் இருந்த தோட்டத்தாருட் பெரும்பாலார்க்கு அது இல்லை. ஆகவே கடைக்காரரிடமும் உத்தியோகஸ்தரிடமும் வாக்கிரந்து, வாக்கற்ற கூலியாட்களுக்காகப் பேசவேண்டிய விந்தையான நிலை அவருடையது. 1924-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டே ஓர் இடைத்தேர்தல் வர, மீண்டும் நின்று வென்றார்.

1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அதன்படி மலைநாட்டில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்டிர்க்கு 43, சிறுவர்க்கு 32 என வரையறுத்தனர். இஃது ஐயர் ஒருவரால் விளைந்ததென்று கூறுவது மிகையாகும். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் அதற்குக் காரணம். பின்னர்த் தேயிலை விலை வீழ்ந்தபோது அக்கூலியும் குறைக்கப்பட்டது. அதனை எதிர்த்துப் போராட, அட்டனை நிலைக்களமாகக் கொண்டு 1931-இல் அவர் தொழிலாளர் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையார் கூட்டந்தோறும் பாடல்களைப் பாடித் தொழிலாளரை எழுப்பினார். பேச்சுக்கு வாராதோரும் பாட்டுக்கு வந்தனர் போலும்! சம்மேளனம் சில ஆண்டுகளில் தளர்ந்தது. தம்மோடு ஒத்துழைத்தோருடன் பிணங்கும் இயல்பு ஐயரிடம் இருந்ததையும் நாம் மறைக்கவேண்டுவதில்லை. தொடக்கத்தில் தோழராயிருந்த குணசிங்காவோடும் அவர் பகைக்க நேர்ந்தது. ஆனால் அப்பகைக்கு அய்யரை மட்டும் குறை கூறல் தகாது, ஏனெனில் குணசிங்கா இந்தியத் தொழிலாளரை வெறுத்தொதுக்கத் தலைப்பட்டிருந்தார்.

இதற்குள் நிலைமை மாறிற்று. 1931 முதல் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. இந்தியர்க்கு நிலையான குடியிருப்பைக் காட்டவேண்டுமெனத் தடைகள் இருந்தும், தோட்டத்தாரிற் பலர் வாக்காளராயினர். அவ்வாண்டில் பெரி சுந்தரம் போட்டியின்றி வந்த தொகுதி அட்டன். அவர் தொழில் மந்திரியாகவும் இருந்தார். 1936-இல் அத்தொகுதியில் நடேசய்யர் நின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார். பத்தாண்டுகட்கு முன்னர் எவருக்காகப் பிறரிடம் வாக்கிரந்தாரோ, அவர்களே இப்போது தம் கையால் வாக்களித்தனர். கொழுந்து கிள்ளும் பெண்டிரும் அவருள் இருந்தனர்.

1947-இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்தாரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அதன்பின் அவர்தம் வாக்கும் பறிபோயிற்று.