கல்லுக்குள் ஒளி தேடிய அன்னா மணி

எங்கள் ஓப்பநாயக்கப் பக்கத்தில் கல் கிடைத்தால் முதலில் விலையைத்தான் கேட்போம். 1918இல் கேரளத்துப் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணியோ எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டவர். 1940இல் பெங்களூரில் சி.வி. இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, வைரத்தையும் சிவப்புக்கல்லையும் ஒளியால் ஆராய்ந்தார். ஒரு நிறமாலைப் படத்துக்கு 15, 20 மணித்தியாலம்கூட ஆகும். பல இரவுகள் அங்கேயே தூக்கம். விடுமுறையில் ஆய்வுகூட வேலை பழகிய எனக்கு ஒரு மணித்தியாலக் காத்திருப்பே நீளமாக இருந்தது.

1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுமாணிப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. வாசித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவரோ லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுவந்து, அவற்றை இந்தியாவிலேயே செய்யவைத்தார். 2001இல் மறைந்தார். அந்த ஆய்வேடு இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது.