வான் ஹோர்ண் வீதிக்குப் பெயர் தந்தவர்

மொன்றியலில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வான் ஹோர்ண் வீதியை அறியாதவர் எவரும் இருக்க மாட்டார்கள். பிளாமொண்டன் மெற்றோவில் இறங்கி, கையில் பையுடன் கடை கடையாக ஏறி இறங்கி, முருங்கைக்காயும் ஒடியல்மாவும் வாங்கித் திரும்பிய நாட்கள் எம்மில் பலருக்கு உண்டு. முதல் வாடகை வீடும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அமைந்தவர்கள் பலர். அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று எமது மகள் ஒருநாள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். பின்பு தேடி வாசித்ததை இம்மலரின் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வில்லியம் கொர்னேலியஸ் வான் ஹோர்ண் 1843ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். ஜோலியெற் என்னும் ஊரின் முதலாவது நகரபிதாவாகவும் இருந்தவர். 1854இல் வாந்திபேதி நோய் அவரைக் கொண்டுபோயிற்று. மகனுக்கு அப்போது 11 வயது. குடும்பம் பெரிது, கையிருப்போ சிறிது. பையன் தந்திக் கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் சில்லறை சம்பாதித்தார். 14 வயதில் பள்ளிக்கூடத்துடனான தொடர்பு முடிந்து, புகையிரதக் கம்பனி ஒன்றின் தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த இளமைக் காலத்தில் நடந்த ஒரு விடயம் எம்மை மிகவும் கவர்ந்தது. கற்களில் பதிந்து கிடக்கும் பழைய உயிர்களின் சுவடுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கம். அதைப்பற்றிய நூல் ஒன்று இரவலாகக் கிடைத்தது. வாங்குவதற்குப் பணம் இல்லை. எனவே இரவுகளில் விளக்கொளியில் இருந்து அந்த நூல் முழுவதையும், படங்கள் உட்பட, கையாலேயே பார்த்து எழுதி முடித்தார். பிற்காலத்தில் அவர் செய்த வேலைக்கெல்லாம் அந்தக் கொப்பியே அத்திவாரம் என்பது எமது எண்ணம்.

புகையிரதத் துறையில் அவர் ஏறிய படிகளை விரித்து எழுதினால் இம்மலர் போதாது. 1882இல் கனடியன் பசுபிக் புகையிரதக் கம்பனியின் பொது முகாமையாளராக வினிப்பெக் வந்து சேர்ந்தார். 1885 நவம்பர் 7ஆம் நாள் கிரெய்கெலாக்கி என்ற மலையிடத்தில் கடைசி ஆணி அறையப்பட்டு, கிழக்கும் மேற்கும் ஒரே பாதையில் இணைந்தன. 1888 முதல் 1899 வரை அவரே கம்பனியின் தலைவர். 1894இல் சேர் பட்டம் கிடைத்தது. எமது நகரின் வின்ட்சர் நிலையமும், கியூபெக் நகரின் ஷாற்றோ புறொன்ரனாக் ஓட்டலும் அவர் தலைமைக் காலத்தில் எழுந்தவை.

பாதை பசுபிக் கரையில் போய் முடிந்தது. முடிந்த இடத்தில் நின்றுவிடுவது அவருடைய சுபாவம் அல்ல. 1886இலேயே யப்பானியத் தேயிலை கப்பலில் வந்து இறங்கிப் புகையிரதத்தில் ஏறத் தொடங்கியது. 1891இல் கம்பனி தனக்கென்று மூன்று கப்பல்களை ஓடவிட்டது. அவற்றின் பெயர்கள் இந்தியப் பேரரசி, சீனப் பேரரசி, யப்பான் பேரரசி என்பன. வன்கூவரில் இருந்து யோக்கோஹாமா, ஷங்காய், ஹொங்கொங் வரை அவை போய்வந்தன. பட்டும் தேயிலையும் கிழக்கேயிருந்து வந்தன. மட்பாண்டங்களும் பீங்கான்களும் வந்தன.

இவ்வளவு நல்ல பொருட்கள் ஏன் யப்பானை விட்டு வெளியேறின என்று கேட்க வேண்டும். 1868இல் அங்கே ஆட்சி மாறியது. 1871இல் சிற்றரசர்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மானியத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஒருசில ஆண்டுகளில் வருமானம் இழந்தன. பாட்டன் காலத்துத் தேநீர்க் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கடைக்காரனிடம் கொண்டுபோனவர்கள் பலர். மேல்நாட்டுச் செல்வந்தர்கள் வாங்கிக் குவித்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கதையும் உண்டு. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொழும்பில் விற்று, முகவருக்குக் காசு கட்டி இங்கு வந்த எம்மவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அக்காலத்து மேல்நாட்டார் பொன்னும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் பூவேலைச் சாடிகளையே விரும்பி வாங்கினர். யப்பானியக் குயவரும் அந்த விருப்பத்துக்காகவே அவற்றைச் செய்து ஏற்றுமதி செய்தனர். வான் ஹோர்ண் பெரும்பாலும் தேடியது வேறு வகை. கைக்குள் அடங்கும் சிறு சாடிகள், தேநீர்க் கிண்ணங்கள், அரிசி மதுக் குப்பிகள், வாசனைத் தூள் செப்புகள். தேநீர்ச் சடங்கில் பயன்படும் இந்தப் பாண்டங்கள் பார்வைக்கு எளியவை. மண்ணிறம், கரும்பழுப்பு, சாம்பல் நிறம். சூளைத் தீயில் மேற்பூச்சு உருகி, ஒரு பக்கமாக வழிந்து, பாதி வழியில் உறைந்து நிற்கும். அந்த வழிசல்தான் அதன் அழகு. வாய் சற்றுக் கோணலாக இருக்கும். விரல் பதிந்த தடமும் இருக்கும். முதலில் படத்தில் பார்த்தபோது, எங்கள் ஊர்ச் சந்தையில் இதைவிட நேரான முட்டி வாங்கலாமே என்று நினைத்தோம். பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடுகிறது.

இப்படியாக ஏறத்தாழ 1,200 யப்பானியப் பாண்டங்கள் அவருடைய ஷெர்புறூக் வீதி மாளிகையில் சேர்ந்தன. ஐரோப்பிய ஓவியங்களும் ஏராளம் வைத்திருந்தார். ஆனால் ஓவியம் சேர்த்த செல்வந்தர் அந்த வீதியில் வேறு பலரும் இருந்தனர். பாண்டங்களை அவரைப்போல் அறிந்தவர் அரிது. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒன்றைக் கொடுத்தால், தடவிப் பார்த்தே எந்த ஊர்ச் சூளை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கதை வழங்குகிறது. இதில் கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். எனினும் மண்ணின் சொரசொரப்பும், அடிப்பாகத்தைச் சீவிய விதமும், கனமும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது உண்மைதான்.

தொழிலால் கணக்காளராகிய எமக்கு வியப்பைத் தந்தது அவருடைய பதிவேடு. பகல் முழுவதும் புகையிரதம், இரவில் சீட்டாட்டம், வயலின், விருந்து. எல்லாம் முடிந்து மற்றவர்கள் நித்திரைக்குப் போன பின்பு இவர் படம் கீற உட்காருவார். தமது பாண்டங்களுக்கு இலக்கமிட்டு, விபரம் எழுதி, பலவற்றை நீர்வர்ணத்தில் அப்படியே வரைந்து வைத்தார். மேற்பூச்சு எங்கே வழிந்து நின்றதோ படத்திலும் அங்கேயே நிற்கிறது. எழுதுவதற்கு ஒரு குமாஸ்தாவைப் பிடிப்பது அவருக்குப் பெரிய காரியமா? தம் கையாலேயே செய்தார். எங்கள் தொழிலில் ஒரு பொருளைப் பேரேட்டில் பதிந்தவுடன் ஆண்டுதோறும் அதன் பெறுமதியைத் தேய்மானம் என்று குறைத்துக்கொண்டே வருவோம். அவருடைய பேரேடு அப்படிப்பட்டதல்ல.

இவ்விடத்தில் இன்னொரு கணக்கையும் காட்டாமல் போனால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். அந்தப் புகையிரதப் பாதையின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதியை வெட்டியவர்களில் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள். 1881க்கும் 1885க்கும் இடையில் ஏறத்தாழ 15,000 பேர் வேலை செய்தனர். அந்தப் பகுதி அரசாங்க ஒப்பந்தத்தில் கட்டப்பட்டது. வான் ஹோர்ணின் நேரடிப் பொறுப்பில் அல்ல. வெடிமருந்திலும் பாறைச் சரிவிலும் நோயிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். கடைசி ஆணி அறையும் புகழ்பெற்ற புகைப்படத்தில் வான் ஹோர்ண் நிற்கிறார். சீனர் ஒருவரையும் அதில் காணோம். அதே 1885இல், பாதை முடியும் தறுவாயில், நாட்டுக்குள் வரும் சீனர் 50 டொலர் தலைவரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1903இல் அது 500 டொலர் ஆயிற்று. கனடிய அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

கிழக்கிலிருந்து வந்த கிண்ணத்துக்குக் கண்ணாடி அலுமாரி. அதே துறைமுகத்தில் வந்து இறங்கிய சீனருக்குத் தலைவரி. இதற்கு ஒரு தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. ஆனால் அவருடைய பேரேட்டைப் புகழ்ந்து எழுதிய பேனாவால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

கம்பனித் தலைமையை விட்ட பின்பும் அவர் ஓயவில்லை. கியூபாவில் ஒரு புகையிரதப் பாதை அமைத்தார். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கடல்நீர் வற்றும்போது மட்டும் வண்டியில் போகக்கூடிய ஒரு தீவில் அவருக்குக் கோடைகால வீடு இருந்தது. 1915 செப்ரெம்பர் 11ஆம் நாள் மொன்றியலில் காலமானார். உடல் புகையிரதத்திலேயே ஜோலியெற்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

சேர்த்தவர் போனதும் சேர்ந்தவை பிரிவது உலக வழக்கம். ஓவியங்களில் பல விற்பனைக்குப் போயின. மகள் அடலின் தமது பங்கை மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். 1940களில் அது அங்கு போய்ச் சேர்ந்தது. பாண்டங்களில் இன்னொரு பகுதி ரொறன்ரோவில் உள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இன் பிற்பகுதியில் ரொறன்ரோ கார்டினர் அருங்காட்சியகம் இப்பாண்டங்களையும் அவர் வரைந்த படங்களையும் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது.

கல்லால் கட்டிய மாளிகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷெர்புறூக், ஸ்ரான்லி வீதிகளின் மூலையில் நின்ற அது 1973 செப்ரெம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. நகர மக்கள் கொதித்தெழுந்தனர். பழைய கட்டிடங்களைக் காப்பதற்கு ஹெரிற்றேஜ் மொன்றியல் என்ற அமைப்பு 1975இல் உருவாவதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். மாளிகை நின்ற இடத்தில் இப்போது ஓர் உயர்ந்த ஓட்டல் நிற்கிறது. விரல் பட்டால் உடையக்கூடிய சாடிகள் தப்பிவிட்டன, கற்சுவர் தப்பவில்லை.

பீங்கான் எமக்கும் புதியதல்ல. 1970களின் இறுதியில் யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்திய சீனப் பாண்டத் துண்டுகள் தோண்டி எடுக்கப்பட்டன. எம் அம்மம்மாவின் குசினியிலும் தேசிக்காய் ஊறுகாய் போடுகிற ஒரு பழைய பீங்கான் சாடி இருந்தது. மேலே மண்ணிறம், கீழே வெள்ளை, மூடியில் ஒரு சிறு வெடிப்பு. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு நடந்தபோது, நாம் சிறுவராக இருந்தோம். பெரியவர்கள் குத்துவிளக்குகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் சாக்கில் கட்டிக் கிணற்றடிக்குப் பக்கத்தில் தாட்டார்கள். சாடியைக் குசினி மூலையிலேயே விட்டுவிட்டோம். திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, குழியும் வெறுமை.

சில வருடங்களுக்குப் பின்பு இழந்த பொருட்களின் விபரத்தைப் படிவம் ஒன்றில் நிரப்பும்படி கேட்டார்கள். அம்மாவும் மாமாவும் மேசையில் இருந்து ஒரு பின்னேரம் முழுவதும் வாதாடினார்கள். குத்துவிளக்கு மூன்றா, நான்கா? செம்புக் குடத்தில் யாருடைய பெயர் வெட்டியிருந்தது? இருவர் சொன்னதும் பொருந்தவில்லை. ஊறுகாய்ச் சாடி பெறுமதியில்லாதது என்று அதை எழுதவேயில்லை.

வான் ஹோர்ணைப் பற்றி வாசித்த பின்பு, சென்ற தைப்பொங்கல் அன்று ஒரு தடித்த கொப்பி வாங்கி அம்மாவின் முன்னால் வைத்தோம். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதுகிறோம். மகள் பக்கத்தில் படம் கீறுகிறாள். இலக்கம் 1, ஊறுகாய்ச் சாடி. மூடியின் வெடிப்பு எந்தப் பக்கம் என்பதை அம்மா மூன்று தடவை திருத்திக் கீறுவித்தார். இப்போது இலக்கம் 27இல் நிற்கிறோம். குத்துவிளக்குக் கணக்கு இன்னும் தீரவில்லை.