வணிகர் எழுதிய நாட்குறிப்பு

எழுத வராது என்று ஒதுங்கும் அன்பர்கள் நம் வட்டத்திலும் சிலர் உளர். அவர்கள்பொருட்டே ஆனந்தரங்கப் பிள்ளையை ஈண்டு நினைவுகூர விழைகின்றேன்.

சென்னைப் பெரம்பூரில் 1709 மார்ச் 30ஆம் நாள் பிறந்த பிள்ளை, இளமையிலேயே தந்தையார் திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரியில் குடியேறினார். வணிகர், புலவர் அல்லர். 27ஆம் அகவையில், 1736 செப்டம்பர் 6ஆம் நாள், நாட்குறிப்பைத் தொடங்கினார். கண்டவை, கேட்டவை, கப்பல்களின் வரவு போக்கு இவற்றைப் பதிந்து வைப்பதே நோக்கம். நடையோ கணக்கு எழுதும் கையின் நடை. பேச்சுத் தமிழோடு பிறமொழிச் சொற்கள் தாராளமாக விரவி நிற்கும். அந்நாளைய புலவர் எவரும் இதனை நூலென்று ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. அவரைப் புகழ்ந்து தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். இன்று அக்கோவையைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர். நாட்குறிப்பைப் புரட்டாத வரலாற்றாசிரியர் இலர்.

1747இல் ஆளுநர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷ் ஆனார். பதவி உயர்ந்தது, கை கட்டுண்டது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். நகரின் தமிழருள் முதல்வராக விளங்கியும் அவரால் தடுக்க இயலவில்லை. அன்றைய துயரையும், துய்ப்ளேயின் துணைவியார்மீது கொண்ட கசப்பையும் ஏட்டிடம் மட்டுமே இறக்கிவைத்தார். தற்புகழ்ச்சியும் சோதிட நம்பிக்கையும் அவ்வேட்டில் மலிந்துள்ளன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்மைத் திருத்தி எழுதிக்கொள்ளாமையே அதன் நம்பகத்துக்குச் சான்று என்பது என் கருத்து.

அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1755இல், நம் சங்கரன்கோவிலுக்கு அருகே நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். அவர் அரண்மனையில் இப்படியொரு கணக்கர் இருந்து அன்றாடம் நாலு வரி எழுதி வைத்திருந்தால்! கும்பினியார் கடிதங்களையும் நாட்டார் கதைகளையும் ஒட்டவைத்தே அவ்வீரரை நாம் அறிய வேண்டியிருக்கிறது.

1761 சனவரி 12ஆம் நாள் பிள்ளை மறைந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அலுவலர் அவற்றைக் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. அவர் எழுதிய தமிழ் அச்சேறியது அதற்கும் பிறகே.