விபுலானந்த அடிகளும் மட்டக்களப்பு வாவியும்

மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலைகளில் உயிரியல் கற்கும் மாணவர்கள் சூழற்றொகுதி, உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி, உணவு வலை என்னும் சொற்களை மனனஞ் செய்து பரீட்சை எழுதுகின்றனர். அச்சொற்கள் குறிக்கும் பொருள்கள் யாவும் பாடசாலை மதிலுக்கு அப்பால் வாவியிலேயே உள்ளன. எனினும் பாடநூலோடு வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லப்படும் மாணவர் எத்தனை பேர் என்பது நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்கலாம் என்பதற்கும், கற்ற விஞ்ஞானத்தைச் சொந்த மண்ணின் செல்வங்களை அறியப் பயன்படுத்தலாம் என்பதற்கும் தம் வாழ்வையே சான்றாக வைத்துச் சென்ற ஒருவர் இம்மண்ணிலேயே பிறந்திருக்கிறார். அவரே சுவாமி விபுலானந்தர்.

1892 மார்ச்சில் காரைதீவிலே பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்ற அவர், ஆசிரியப் பயிற்சி பெற்று, 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியபின், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். ஒரு கையில் விஞ்ஞானமும் மறு கையில் சங்கத் தமிழுமாக வளர்ந்த இந்த மனிதர் 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவறம் பூண்டு விபுலானந்தர் ஆனார்.

துறவு அவரை வகுப்பறையிலிருந்து பிரித்துவிடவில்லை. 1925இல் தாயகம் திரும்பியதும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்க்கும் பணியை மேற்கொண்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த கல்விக்கூடம் அது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். 1930களின் நடுப்பகுதியில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் முதலிய துறைகளுக்கான தமிழ்ச் சொற்களைத் திரட்டும் அம்முயற்சியின் விளைவாக 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூலாக வெளிவந்தது. தமிழில் விஞ்ஞானம் சொல்ல இயலாது என்று கற்றோரே கருதிய காலம் அது என்பதை இன்றைய மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

சூழற்றொகுதி என்ற எண்ணக்கருவுக்கு ஆங்கிலத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி பெயர் சூட்டியதும் அதே காலத்தில், 1935இலேதான். உயிர்களையும், அவை வாழும் மண், நீர், வெப்பம், ஒளி ஆகியவற்றையும் வெவ்வேறாகப் பாராமல் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அடிகள் சூழலியல் கற்பித்தவர் அல்லர். ஆயினும், பின்னர் வந்த புதிய துறைகள் தமிழில் நடந்து செல்வதற்குரிய பாதையைச் செப்பனிட்டோரில் அவர் முதன்மையானவர்.

வாவி அவருடைய செவியையும் ஈர்த்தது. நிலாக் காலங்களில் கல்லடிப் பாலத்தடியில் நீருக்குள்ளிருந்து எழும் இசையொலியே மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற பெயரைத் தந்தது. 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் அதனைக் கேட்டு எழுதி வைத்தார். ஒலியெழுப்புவது மீனா, ஊரியா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அடிகளோ நீரரமகளிர் இசைப்பதாகக் கற்பனை செய்து கவிதை யாத்தார். அதே செவியே, வழக்கொழிந்துபோன பண்டைய யாழ்களைத் தேடிப் பல்லாண்டு உழைத்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கணிதத்தின் துணையோடும் ஒலியியலின் துணையோடும் ஆராய்ந்ததன் பயனே ‘யாழ் நூல்’.

அவர் செவிமடுத்த அந்த வாவியை இன்று ஒரு பாடமாகப் பார்ப்போம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. கரையில் நிற்கும் கண்டல் மரங்களும், நீரிலுள்ள அல்காக்களும் கடற்புற்களும் சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்குகின்றன, இவை உற்பத்தியாக்கிகள். உதிரும் கண்டல் இலையை பற்றீரியாவும் பங்கசும் பிரித்தழிக்கின்றன, இவை பிரிகையாக்கிகள். அழுகும் அவ்விலைத் துகளை இறாலும் நண்டும் உண்கின்றன. இறாலை மீனும், மீனை நீர்க்காகமும் மனிதனும் உண்கின்றனர். ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியே மேலே செல்கிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஆகவேதான் ஒரு கூடை மீனுக்குப் பின்னால் பெருந்தொகையான தாவரப் பொருள் தேவைப்படுகிறது. கண்டலை வெட்டுபவன் விறகை மட்டும் எடுப்பதில்லை, நாளைய மீனையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான்.

முகத்துவாரமும் ஒரு பாடமே. கோடையில் மணல் சேர்ந்து அது அடைபடுகிறது. மாரியில் வெள்ளம் பெருகும்போது வெட்டிவிடப்படுகிறது. கடலிற் பிறந்த இறாற்குஞ்சு வாவிக்குள் வந்து வளர்வதும், வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புவதும் இவ்வழியாகவேயாகும். வயலில் நிற்கும் வெள்ளம் வடிய வேண்டும் என்பது விவசாயியின் கவலை. வளர்ந்துவரும் இறாலும் மீனும் நீரோடு போய்விடக்கூடாது என்பது மீனவனின் கவலை. இரண்டும் நியாயமானவையே. உயிருள்ள கூறுகளும் உயிரற்ற கூறுகளும் பின்னிப் பிணைந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இவ்வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்வோர் இதனையே நம்பி வாழ்கின்றனர். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை முஸ்லிம்களுக்கும், கல்லடி, களுவாஞ்சிக்குடித் தமிழர்களுக்கும் வாவி ஒன்றே. ஓர் ஊர் கொட்டும் கழிவு மறு ஊரின் வலையில் ஏறுகிறது. உணவு வலைக்கு இனமும் இல்லை, எல்லையும் இல்லை. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களுக்கும் அடிகளுக்கும் மலர்ந்த நட்பை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். அடிகளின் ஊக்கத்தால் தமிழ்ப் பணியில் ஈடுபாடு கொண்ட அஸீஸ், பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராகவும் தமிழ் நூலாசிரியராகவும் விளங்கினார். யுத்த காலத்தின் கசப்புக்களைச் சுமந்து நிற்கும் நம் இரு சமூகங்களும் மீண்டும் படிக்க வேண்டிய பாடம் அந்நட்பு.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அடிகள், நோய் வாட்டிய நிலையிலும் யாழ் ஆராய்ச்சியை நிறைவு செய்தார். 1947 ஜூனில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். கல்லடியிலே, தாம் வளர்த்த வித்தியாலயச் சூழலில் அவர் துயில்கிறார்.

ஆண்டுதோறும் அவருக்கு விழா எடுக்கிறோம், சிலைக்கு மாலை அணிவிக்கிறோம். அவை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அவருடைய நினைவு நாளிலேனும் வாவிக்கரைப் பாடசாலைகளின் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றுகூடி, ஒரு கண்டற்காட்டுக்குச் சென்று, நீரின் உவர்ப்பை அளந்து, காணும் உயிர்களைத் தமிழிற் பெயர் எழுதி, உணவு வலையொன்றை வரைந்து திரும்பினால், அதுவே அடிகளுக்குச் செய்யும் மேலான மரியாதையாகும். கல்வி அதிகாரிகளும் அதிபர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.