எண்ணைக் கையில் கொடுத்த அம்மையார்

வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயிரத்தையே குழந்தையின் கையில் தூக்கிக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். 1907இல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் கண்டார். 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாறு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளையொட்டித்தான் விடுவித்தது. பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அந்நாளில் அது நம் மதுரை மாவட்டம்! 1952இல் ஹாலந்தில் மறைந்தார்.

அவர் முறையில் ஒரு மணி ஒன்று; பத்து மணி கோத்த கம்பி பத்து; பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு; பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். கனம் கைக்கே தெரியும்.

என்னைக் கவர்ந்தது பூஜ்யம். 0 முதல் 9 வரை எண்ணிட்ட அறைகள், 45 மரக்குச்சிகள். அந்தந்த எண்ணுக்குரிய குச்சிகளை இட்டு முடித்தால் குச்சி தீர்ந்துவிடும்; பூஜ்ய அறை வெறுமையாய் நிற்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தறியாத என் அப்பத்தா பல்லாங்குழியில் புளியங்கொட்டை வைத்துத்தான் எனக்கு எண்ணக் கற்றுத் தந்தார். அங்கும் வெறுங்குழிக்கு மதிப்புண்டு: அதைத் துடைத்தால்தான் அடுத்த குழிக் காய் நமக்கு.