பசியை வென்ற பகவன்

திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்தில் கற்சிலைகளையும் செப்புத் திருமேனிகளையும் கண்டு மகிழும் நம் இளைஞர்கள், லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிலையைப் பற்றியும் அறிதல் வேண்டும். உண்ணாநோன்பால் மெலிந்த கௌதமரின் சிலை அது.

சாக்கியர் குலத்துச் சுத்தோதனரின் மைந்தரான சித்தார்த்தர், துன்பத்தின் வேரைக் காண விரும்பி 29ஆம் வயதில் மனைதுறந்தார். ஆசிரியர்களை நாடிப் பயின்றார். பின்னர் உருவேலாவில் கடுந்தவம் புரிந்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவிற்கு உடல் வற்றியது. அந்நிலையையே காந்தாரச் சிற்பி கல்லில் வடித்தான். சிக்ரி என்னுமிடத்தில் கிடைத்த அச்சிலை ஏறத்தாழ 84 செ.மீ. உயரமுடையது. கண்கள் குழிந்துள்ளன, விலா எலும்புகளை எண்ணிவிடலாம், நரம்புகள் புடைத்து நிற்கின்றன. ஆயினும் முதுகு வளையவில்லை.

புத்தராவதற்கு முற்பட்ட நிலை அது. உடலை வாட்டுவதால் மெய்யறிவு பிறவாது என்று தெளிந்த அவர், சுசாதை அளித்த பாற்சோற்றை உண்டார். உடனிருந்த ஐவரும் தவம் குலைந்ததென்று இகழ்ந்து பிரிந்தனர். அவர் கலங்கவில்லை. போதிமரத்தடியில் ஞானம் பெற்றபின், அந்த ஐவருக்கே முதன்முதலாக அறம் உரைத்தார். முடிதிருத்தும் உபாலியையும், துப்புரவுத் தொழில் செய்த சுனீதரையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். 45 ஆண்டுகள் அறம் பரப்பி, 80ஆம் வயதில் குசிநகரில் மறைந்தார்.

அவர் பசி அவரே ஏற்றது. நம் முன்னோர் பசியோ பிறர் சுமத்தியது. பசியில் பெருமை இல்லை என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம். பசித்திருக்கும் பிள்ளைக்கு முதலில் சோறும் அடுத்து நூலும் அளிப்பதே நாம் அவருக்குச் செய்யும் வழிபாடாகும்.